என் பெயரில் ஓடியவர்கள்

என் இடுப்பிலிருந்து ஒரு ஜெர்மன்காரி பேச ஆரம்பித்ததும் டீக்கடையில் இருந்த எல்லாரும் தலையைத் திருப்பினார்கள். இலஞ்சியிலிருந்து குற்றாலம் போகிற சாலை, காலை ஆறரை மணி, சாரல் விழுந்துகொண்டிருந்தது. நான் இரண்டு கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன் என்றும், கிலோமீட்டருக்குச் சராசரியாக ஆறு நிமிடம் நாற்பது விநாடி எடுத்திருக்கிறேன் என்றும் அவள் கணீரென்று அறிவித்தாள். இடுப்புப் பையில் இருந்த போனில் ஓட்டத்தை அளக்கிற செயலி அது. ஜெர்மனியில் நான் இருக்கிற ஊர்க்காரர்கள் தங்கள் பாஷையில் அமைத்துக் கொடுத்தது, எனக்கு மாற்றத் தெரியவில்லை. கடைக்கார அண்ணாச்சி கையில் பிடித்த டம்ளரோடு, "எம்மா, உள்ள யாரு பேசுதா?" என்றார். "என் வேகத்தச் சொல்லுதா அண்ணாச்சி" என்றேன். "ஏசுத மாதிரில்லா இருக்கு" என்றார். அவர் சொன்னதும் சரிதான். பிறகு எப்போது வந்தேன், எத்தனை நாள் லீவு, அங்கே இப்போது குளிரா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் நின்று பதில் சொல்லிவிட்டு மறுபடி ஓடத் தொடங்கியபோது என் சராசரி எட்டைத் தாண்டியிருந்தது.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு, எட்டானால் என்ன, பத்தானால் என்ன என்று தோன்றும். எனக்கு அப்படி இல்லை. ஏழு வருடமாக ஜெர்மனியின் தெற்கே ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். பம்ப் செய்கிற தொழிற்சாலையில் வேலை. கணவர் வேலை நிமித்தம் வாரத்தில் பாதி நாள் வேறு நகரத்தில் இருப்பவர். முதல் மூன்று வருடம் என்னிடம் அந்த ஊர்க்காரர்கள் பேசிய மொத்தப் பேச்சையும் ஒரு அஞ்சலட்டையில் எழுதிவிடலாம். கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். பேச ஒரு காரணம் வேண்டும் அவர்களுக்கு. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். காட்டுப் பாதையில் நடந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை, ஓடினால் எதிரே ஓடி வருகிறவர் கையைத் தூக்குகிறார். அந்த ஒரு கைக்காகத்தான் ஓட ஆரம்பித்தேன். உடம்புக்கு நல்லது என்பதெல்லாம் பிற்பாடு சேர்த்துக்கொண்டது.

அந்த நாட்டில் எதற்கும் ஒரு சங்கம் உண்டு, ஃபெராய்ன் என்பார்கள். முயல் வளர்க்கிறவர்களுக்கு ஒன்று, சீட்டு ஆடுகிறவர்களுக்கு ஒன்று. ஓடுகிறவர்களுக்கும் ஒன்று. அதில் என்னைச் சேர்த்துக்கொள்ள ஓட்டெடுப்பு நடத்தினார்கள். ஒருவர் மட்டும் நடுநிலை வகித்தார் என்று கூட்டக் குறிப்பில் எழுதியிருந்தது. அது யார் என்று இன்றுவரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செப்டம்பர் கடைசியில் அக்கம்பக்கத்து ஊர்களுக்குள் ஸ்டாஃபல் என்று ஒரு தொடரோட்டம் நடக்கும். எட்டுப் பேர், ஆளுக்கு ஐந்து கிலோமீட்டர். இந்த வருடம் எட்டாவது ஆளாக என் பெயரைப் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில்கூட எந்த அணியிலும் இருந்ததில்லை நான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

சங்கத் தலைவர் யுர்கன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அந்த எட்டுப் பேரில் அவரும் ஒருவர். அவர் போட்ட நிபந்தனை எளிமையானது. வாரத்துக்கு மூன்று ஓட்டம், ஒவ்வொன்றும் ஐந்து கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு ஆறு நிமிடத்துக்குள். எல்லாம் செயலியில் பதிவாக வேண்டும், எல்லாரும் எல்லாருடையதையும் பார்ப்பார்கள். ஒரு வாரம் தவறினாலும் அந்த இடம் காத்திருக்கிற ஆளுக்குப் போய்விடும். ஜூலையில் நான்கு வாரம் ஊருக்குப் போகிறேனே என்றேன். "கால்களையும் எடுத்துக்கொண்டுதானே போகிறாய்?" என்றார். கிண்டல் பண்ணினாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவரிடம் அது எப்போதுமே தெரியாது.

இலஞ்சியில் கால் இருந்தது, சாலை இருந்தது, சாரல் காற்றும் இருந்தது. ஓடத்தான் முடியவில்லை. முதல் நாள் ஐந்து கிலோமீட்டரில் பதினோரு பேர் நிறுத்தி விசாரித்தார்கள். அங்கே யாராவது பேசமாட்டார்களா என்று ஓடியவள், இங்கே எல்லாரும் பேசுகிறார்களே என்று ஓட முடியாமல் நின்றேன். நிற்காமல் போய்விடலாம்தான். ஆனால் வெளிநாடு போனதும் தலைக்கனம் வந்துவிட்டது என்று ஒரு சொல் கிளம்பினால் அதை அம்மாதான் சுமக்க வேண்டும். அன்று சாயங்காலமே யுர்கனிடமிருந்து செய்தி வந்தது. "ஒரே இடத்தில் நான்கு நிமிடம் நின்றிருக்கிறாய். அங்கே சிக்னலா?" நான், "இல்லை, என் அம்மாவோடு படித்தவர்" என்று எழுதினேன். "அவர் ஏன் சாலையில் நிற்கிறார்?" என்று கேட்டிருந்தார்.

வழி சொன்னது அண்ணன். தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருப்பவன். "நீ பாட்டுக்கு ஓடுட்டி. பதில நான் சொல்லுதேன்" என்றான். மறுநாள் முதல் நான் முன்னால் ஓட, அவன் மொபட்டில் பின்னால் வந்தான். நான் நிற்காமல் சிரித்துக் கும்பிட்டுவிட்டுப் போவேன். என் முதுகுக்குப் பின்னால், "ஞாயித்துக்கெழம வந்தா... மாப்ள வரல, லீவு இல்ல... ஆமா, அங்கன நல்ல குளுராம்" என்று என் வாழ்க்கை ஒலித்துக்கொண்டே வரும். சில பேருக்கு அவன் சொன்ன பதில்கள் நானே சொல்லியிருப்பதைவிட நன்றாக இருந்தன. சம்பளம் பற்றிக் கேட்டவரிடம், "வருது, போகுது" என்றான். அந்த வாரம் மூன்று ஓட்டமும் ஆறு நிமிடத்துக்குள் முடிந்தன.

இரண்டாவது வாரம் எல்லாருமாக ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். நல்ல கூட்டம். குளித்துவிட்டு வெளியே வரும்போது பாசியில் கால் வைத்தேன், கணுக்கால் மடங்கிவிட்டது. அங்கே எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர் காலைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "எலும்பு நல்லாருக்கு. சுளுக்குதான். பதினஞ்சு நாளைக்குக் கால அழுத்தி ஊனக் கூடாது" என்றார். தென்காசியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டரும் அதையேதான் சொன்னார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் காருக்குள் உட்கார்ந்து நான் அழுத அழுகையைப் பார்த்து அம்மா பயந்துவிட்டாள். சுளுக்குக்கா இப்படி அழுகிறாய் என்றாள். இந்த வாரம் மூன்று ஓட்டம் போகவில்லை என்றால் என் இடம் போய்விடும், அந்த ஊரில் எனக்கென்று இருக்கிறது அந்த ஒரு இடம்தான் என்றேன்.

அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "நீதான் ஓடணும்னு என்ன இருக்கு? உன் பேர்ல வேற யாராவது ஓடுனாப் போதும்லா" என்றாள்.

சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயத்தில் எனக்கு டைபாய்டு வந்தது. பிழைத்து எழுந்தால் திருச்செந்தூரில் எனக்கு மொட்டை போடுவதாக அம்மா நேர்ந்துகொண்டாள். பிழைத்தேன், பரீட்சையும் எழுதினேன். ஆனால் பதினைந்து வயதில் மொட்டைத் தலையோடு பதினொன்றாம் வகுப்புக்குப் போக மாட்டேன் என்று சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, என் நேர்த்திக்கு அண்ணன் மொட்டை போட்டுக்கொண்டான். சாமி ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் எனக்குக் காய்ச்சலும் வரவில்லை. அதனால் அம்மா சொன்னதை அண்ணன் உடனே பிடித்துக்கொண்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

மறுநாள் மாத்திரை போட்டுக்கொண்டு நான் தூங்கிய நேரத்தில் அவன் என் போனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்றால் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர். கணக்குப் போட்டு, மொபட்டைப் பத்திலேயே வைத்து, கீழே விழாமல் தென்காசி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். நான் கண் விழித்தபோது யுர்கனின் பாராட்டு வந்திருந்தது. "இத்தனை சீரான ஓட்டத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனால் நீ ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை என்று செயலி காட்டுகிறதே?"

இதைக் கேட்டுக் கொதித்தது மதினிதான். மதினி என்றால் அண்ணன் மனைவி காந்திமதி, தென்காசியில் போலீஸ் ஏட்டு. பதினெட்டு வருடமாகப் பெரும்பாலும் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதுகிற வேலை. ஆனாலும் ஆயுதப்படையில் இருந்தபோது பிடித்த பழக்கத்தை விடாமல் தினமும் விடிகாலையில் ஓடிவிட்டுத்தான் டியூட்டிக்குப் போவாள். "வண்டில போறது மோசடி. அன்னைக்கு உங்க தலைய வழிச்சீங்களா, இல்ல தேங்காய வழிச்சீங்களா?" என்று அண்ணனைக் கேட்டாள். "யாரு பேர்ல வேணும்னாலும் ஓடலாம். ஆனா ஓடணும்" என்றாள். போனை வாங்கி மொபட் ஓட்டத்தை அழித்தாள். வேண்டாம் மதினி, இது தப்பு என்று நான் சொல்லத்தான் செய்தேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது.

விடிகாலையில் அம்மா போனுக்குத் திருநீறு பூசினாள். மதினியைக் கிழக்கே பார்த்து நிற்கவைத்து, "செண்பகம், சித்திரை நட்சத்திரம்" என்று என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லச் சொன்னாள். மதினி சொல்லிவிட்டு ஓடினாள். அந்த வாரம் மூன்று நாளும் ஓடினாள். கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் நான்கு விநாடி. மூன்றாம் நாள் அதையும் குறைத்துவிட்டாள். ஏட்டம்மா ஓடினால் நிறுத்திக் குசலம் விசாரிக்க யாருக்கும் தைரியம் இல்லை. ஓடி முடித்து வியர்வையோடு என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, போனில் தன் வேகத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். இத்தனை வருடம் ஓடியிருக்கிறாள், எவ்வளவு வேகம் என்று ஒருநாளும் யாரும் அவளுக்குச் சொன்னதில்லையாம். வெள்ளிக்கிழமை அம்மா வேறு தன் பங்குக்குப் போனை முந்தானையில் முடிந்துகொண்டு குமரன் கோயிலை இருபத்தொரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள். வரைபடத்தில் அது நூல்கண்டாக விழுந்திருந்தது. "ஓட்டத் திடலில் பயிற்சியா? வேகம் குறைவு, ஒழுங்கு அபாரம்" என்று யுர்கன் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து நீளமான செய்தி. மலையும் மழையும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த திறமையை எழுப்பிவிட்டதாம். தொடரோட்டத்தில் கடைசிக் கட்டத்தை, அணியின் மானமே தொங்குகிற கட்டத்தை, என்னிடம் ஒப்படைப்பதாக முடிவு பண்ணிவிட்டார்களாம். சங்கத்தில் இருபது பேர் அதன் கீழே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். என்னிடம் இரண்டு வார்த்தைகூடப் பேசியிராத ஒருவர், "எங்கள் செண்பகம்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எனக்கு உடம்பு கூசியது. அவர் சொன்ன செண்பகம் மதினி. கட்டிலில் கிடப்பவளுக்கு மதினிமேல் பொறாமையும் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அன்றைக்கே வீடியோவில் கூப்பிட்டேன். யுர்கன் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார். "அந்த ஓட்டங்கள் என்னுடையவை அல்ல. என் அண்ணன் மனைவி ஓடினார்" என்றேன்.

"உன்னோடு சேர்ந்தா?"

"இல்லை. எனக்குப் பதிலாக."

"அப்போது நீ எங்கே இருந்தாய்?"

"கட்டிலில். ஆனால் என் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் ஓடினார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ன சொல்லுதாரு?" என்று அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். மதினி டியூட்டிக்குக் கிளம்பி யூனிபாரத்தில் இருந்தாள். நேராக வந்து போன் முன்னால் நின்று, "சார், ஷீ இஸ் ஆன் மெடிக்கல் லீவ். ஐ ரன் ஹெர் டியூட்டி" என்றாள். யுர்கன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உன்மேல் வழக்கு ஏதாவது இருக்கிறதா?" என்று என்னைத் தாழ்ந்த குரலில் கேட்டார். இல்லை, இவர்தான் ஓடியவர் என்றதும் மதினியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சங்கத்தில் உறுப்பினரா என்று விசாரித்தார். நான் விடவில்லை. உங்கள் ஆண்டுக் கூட்டத்துக்கு வர முடியாதவர் ஃபோல்மாக்ட் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அவர் ஓட்டை இன்னொருவர் போடலாம்தானே, கைக்கு ஆள் மாற்றலாம், காலுக்கு மாற்றக் கூடாதா என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். கமிட்டியில் வைக்கிறேன் என்றார்.

கமிட்டியின் பதில் நான்காம் நாள் வந்தது. பதிலாள் மூலம் ஓடுவது சங்க விதிகளில் அனுமதிக்கப்படவில்லை. தடுக்கப்படவும் இல்லை. இது குறித்து அடுத்த ஆண்டு விவாதிக்கப்படும். அதுவரை அந்த ஓட்டங்கள் செல்லாது, என் இடம் காத்திருப்பவருக்குப் போகிறது. கணுக்கால் சீக்கிரம் குணமாகட்டும். "சாமியே ஒத்துக்கிட்டுது, இவுகளுக்கு என்னவாம்?" என்று அம்மா ரெண்டு நாள் புலம்பினாள். மதினியுடைய ஐந்து நிமிடம் நான்கு விநாடியும் செல்லாமல் போய்விட்டது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஊர் கிளம்பும்போது அந்தப் போனை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தேன். செயலியில் என் கணக்கு இருந்தது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

திரும்பிப் போய், கால் சரியானதும் தனியாக ஓடினேன். எதிரே வருகிறவர்கள் கையைத் தூக்கினார்கள், கொஞ்சம் தாழ்வாகத் தூக்கினார்களோ என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. தொடரோட்டத்துக்கு முந்தின நாள் மாலை அழைப்பு மணி அடித்தது. வாசலில் யுர்கன், வில்லாக வளைந்து நின்றார். முதுகு பிடித்துக்கொண்டதாம். ஏழு வருடத்தில் அந்தச் சங்கத்து ஆள் ஒருவர் என் வீட்டுக்குள் வந்தது அன்றுதான். உட்கார முடியாமல் நின்றபடியே, பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். மூன்று பிரதி, மூன்றிலும் கையெழுத்து. தனக்குப் பதிலாக நாளைக்கு நான் ஓடுவதற்கு அவர் கொடுக்கிற ஃபோல்மாக்ட். இது விதியில் இருக்கிறதா என்று கேட்டேன். "பெயரை மாற்றுவதற்குக் கடைசி நாள் முடிந்துவிட்டது. ஆளை மாற்றுவதற்குக் கடைசி நாள் என்று எதுவும் எழுதப்படவில்லை" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. அப்புறம் சற்றுக் கூச்சத்தோடு, "உங்கள் ஊரில் ஓடுவதற்கு முன்னால் பெயரைச் சொன்னார்களே, அதை எப்படிச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டார்.

அம்மாவைக் கூப்பிட்டேன். "அவரு நட்சத்திரம் என்ன?" என்றாள். தெரியாது என்றேன். "தெரியலன்னா சாமி நட்சத்திரத்தச் சொல்லு. விசாகம்னு சொல்லிட்டு ஓடு" என்றாள். யுர்கன் அதைத் தமிழ் உச்சரிப்போடு எழுதிக்கொண்டார். போனை வைக்கப் போகும்போது அம்மா, "ஏட்டி, நீ அவரு பேர்ல ஓடுனா, உன் பேர்ல யாரு ஓடுதா?" என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். "அது நல்லால்ல. பேரு சும்மா கெடக்கக் கூடாது" என்றாள். "காந்திமதிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்று வைத்துவிட்டாள்.

ஓடினேன். நெஞ்சில் யுர்கன் என்று அச்சடித்த எண் அட்டை, கையில் பட்டை போட்டுக் கட்டிய யுர்கனின் போன். மனசுக்குள் யுர்கன், விசாகம் என்று சொல்லிக்கொண்டுதான் கிளம்பினேன். அட்டையைப் பார்த்துவிட்டு வழி நெடுக ஜனங்கள், "யுர்கன், ஹோப், யுர்கன்" என்று, விடாதே ஓடு என்கிற மாதிரி கத்தினார்கள். அந்த ஊரில் அத்தனை பேர் ஒரே நாளில் என்னைக் கூப்பிட்டது அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. இருபத்தெட்டு நிமிடத்தில் ஓடி முடித்தேன். என் இடத்தில் ஓடிய பெண் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நாங்கள் நான்காவது. சான்றிதழில் எட்டுப் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை.

மூச்சு சீரான பிறகு, திரும்பி வந்து வாங்கியிருந்த என் புதுப் போனைத் திறந்து பார்த்தேன். என் கணக்கில் புதிதாக ஒரு ஓட்டம் ஏறியிருந்தது. செண்பகம், ஐந்து கிலோமீட்டர், இலஞ்சி, கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் ஒரு விநாடி. நான் ஓடிய அதே நேரம். என்றைக்காவது யாராவது இந்தப் பதிவுகளை எடுத்துப் பார்த்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஜெர்மனியில் இல்லவே இல்லை என்றுதான் சொல்வார்கள். எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

பக்கத்தில் யுர்கன் கம்பை ஊன்றிக்கொண்டு, தன் போனில் தான் ஓடிய ஓட்டத்தைத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக் கூடாரத்திலிருந்து யாரோ "யுர்கன்" என்று கூப்பிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம்.